ஜமாபந்தியில் கணக்கையும் பாருங்கள்

ஜமாபந்தி என்றதும் தாலுகா அலுவலகப் பந்தலும், மனுவோடு நிற்கிற கூட்டமும்தான் நினைவுக்கு வரும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று மனுக்கள் குவிகின்றன. சிலருக்கு அன்றைக்கே உத்தரவும் கிடைத்துவிடுகிறது. நல்ல காரியம்தான். ஆனால் ஜமாபந்தி என்கிற வருவாய்த் தீர்வாயத்தின் முதல் வேலை, கிராமக் கணக்கைத் தணிக்கை செய்வது.

வருவாய்த் துறைக்கு ஆண்டு ஜூலை 1-இல் பிறக்கிறது. முகலாயர் காலத்திலிருந்து வருகிற பசலிக் கணக்கு அது. 2024 ஜூலையில் தொடங்கியது 1434-ஆம் பசலி. பசலி முடியும் தறுவாயில் ஆட்சியரோ கோட்டாட்சியரோ தீர்வாய அலுவலராக வந்து உட்காருவார். பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த குறுவட்டம்) வாரியாகக் கிராம நிர்வாக அலுவலர்கள் அ-பதிவேடு, சிட்டா, அடங்கல், வசூல் கணக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து அவர் முன் வைக்க வேண்டும். நிலம் அளக்கிற சங்கிலிகூட ஆய்வுக்கு வரும். சங்கிலி கொஞ்சம் நீண்டுபோயிருந்தால் போதும், அதைக்கொண்டு அளந்த வரப்பெல்லாம் வழக்காகிவிடும்.

இவற்றில் அடங்கலை நான் தனியாகச் சொல்ல வேண்டும். எந்தப் புல எண்ணில் யார், என்ன பயிர், எவ்வளவு பரப்பில் வைத்திருக்கிறார் என்று சொல்லும் கணக்கு அது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும், பயிர்க் காப்பீடு கட்டினாலும், வெள்ளத்தில் நெல் மூழ்கி நிவாரணத்துக்கு அலைந்தாலும், முதலில் கேட்பது அடங்கலைத்தான். வயலில் சம்பா நிற்கும்போது அடங்கலில் ‘தரிசு’ என்று எழுதியிருந்தால், பயிர் அழிந்த அந்த விவசாயி தன்னிடம் பயிரே இருந்ததில்லை என்கிற காகிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஏரிப் புறம்போக்கும் இப்படித்தான். ஆக்கிரமிப்பைப் பதிவு செய்கிற பி-மெமோவில் ஏறாவிட்டால் அரசாங்கத்தின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவது தணிக்கை ஆகாது. ஊருக்கு நாலைந்து புல எண்ணையாவது எடுத்துக்கொண்டு, எழுதியதும் விளைந்ததும் ஒன்றுதானா என்று சாகுபடிக் காலத்திலேயே வயலில் இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பை ஜமாபந்தி மேசையில் அடங்கலோடு ஒப்பிட வேண்டும். கணினி வந்துவிட்டதே என்பார்கள். தப்பாக ஏற்றியதைக் கணினி தப்பாகத்தான் காட்டும்.

நீங்களும் ஒன்று செய்யலாம். உங்கள் பிர்காவுக்கு என்றைக்கு ஜமாபந்தி என்று முன்னதாகவே விசாரித்து, உங்கள் நிலத்து அடங்கல் நகலை வாங்கிப் படித்துப் பாருங்கள். பயிரோ பரப்போ மாறியிருந்தால், புல எண்ணைக் குறிப்பிட்டு மனு எழுதி, கணக்கு மேசையில் இருக்கும்போதே தீர்வாய அலுவலரிடம் நேரில் கொடுங்கள். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.