மார்க் போட்ட ஜெயிலர்

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியது)



‘ஜெயிலுக்குப் போய் வந்தவன்’ என்று என் செட் நண்பர்கள் கேலி செய்வது வழக்கம். உண்மைதான், முப்பது வருஷம் சிறைத்துறையில் இருந்தேன். மார்க், மார்க் என்று அலுத்துக்கொள்கிற மாணவர்களுக்காக, மார்க்கை நம்பிய ஒரு ஜெயிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

அலெக்சாண்டர் மக்கானகி. 1787-இல் எடின்பரோவில் பிறந்தவர். கடற்படை அதிகாரி, பிரெஞ்சுக்காரரிடம் போர்க்கைதியாகவும் இருந்தவர். பிறகு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் முதல் புவியியல் பேராசிரியர். (வாத்தியார்கள் கவனிக்க!) 1840-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நார்ஃபோக் தீவுக்குக் கைதிகளின் தலைமை அதிகாரியாகப் போனார். சவுக்கடிக்குப் பேர்போன இடம்.

‘இத்தனை வருஷம்’ என்று தண்டித்தால் கைதிக்கு நாளை எண்ணுவதைத் தவிர வேலையில்லை. ‘இத்தனை மார்க்’ என்று சொல்லுங்கள், சாவி அவன் கையிலேயே இருக்கும் என்றார். உழைத்தால் மார்க் ஏறும், சேட்டை செய்தால் இறங்கும்.

அந்த மே மாதமே விக்டோரியா மகாராணி பிறந்தநாள் வந்தது. மனுஷன் கதவுகளைத் திறந்துவிட்டார்! விருந்து, நாடகம், வாணவேடிக்கை. சாயந்திரம் எல்லாரும் அமைதியாக அவரவர் கொட்டடிக்குத் திரும்பினார்கள். சிட்னிக்காரர்கள்தான் கொதித்தார்கள்.

1843-இல் கவர்னர் கிப்ஸ் நேரில் பார்த்து நல்லவிதமாகவே எழுதினார். அதற்குள் லண்டன் அவரைத் திரும்ப அழைக்க முடிவு செய்துவிட்டது. பின்னாளில் பர்மிங்காம் சிறையிலும் இரண்டே வருஷம். அங்கும் வேலை போயிற்று. 1860-இல் காலமானார்.

ஆனால் நம் நாட்டு 1894 சிறைச் சட்டத்தைப் புரட்டுங்கள். மார்க் கொடுத்துத் தண்டனையைக் குறைக்கும் விதிகள் என்றுதான் ரெமிஷனுக்கு விளக்கமே இருக்கிறது. அந்த ரெஜிஸ்டரை எழுதியவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆயுள் கைதி, “ஐயா, எனக்கு எத்தனை நாள் சேர்ந்திருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார். “போய்யா, உனக்கென்ன அவசரம்?”னு விரட்டிட்டேன். வருஷங்கள் கழித்து மக்கானகியைப் படித்தபோது அவர் முகம்தான் முன்னால் வந்து நின்றது. அதற்குள் அவரை வேறு சிறைக்கு மாற்றியிருந்தார்கள்.

அதன்பிறகு மாசம் ஒருநாள் ரெஜிஸ்டரை பிளாக்குக்கே எடுத்துப்போய் ஒவ்வொருவர் கணக்கையும் சத்தமாகப் படிப்பேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொள்வார்கள்.