விற்பனைக்கு வந்த நாணயம்



தமிழில் 'நாணயம்' என்னும் ஒரு சொல் இரண்டு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. கையில் புழங்கும் காசுக்கும் அதுவே பெயர். சொன்ன சொல் தவறாத குணத்துக்கும் அதுவே பெயர். கடைக்காரர் ஒருவருக்குக் கடன் கொடுக்கும்போது, இரண்டாவது நாணயத்தை நம்பியே முதல் நாணயத்தைக் கையைவிட்டு விடுகிறார். அந்தக் குணத்தை ஏட்டில் எழுதி, எழுதியதை விலைக்கு விற்கலாம் என்று கண்டவர்களின் வரலாறும், அதன் விளைவாக ஒரு நாட்டில் கோடிக்கணக்கான மக்களின் பெயரும் கணக்கும் பிறர் கைக்குப் போன வரலாறும் இவ்வுரையின் பொருள். இலக்கிய மேடையில் வங்கிக் கணக்குக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு மனிதரைப் பற்றி எழுதப்பட்டது அந்த மனிதருக்கு உரியதா, எழுதியவருக்கு உரியதா என்னும் கேள்வி, எழுத்தோடு உறவுடைய எவருக்கும் அயலானதன்று.

கதை ஒரு மளிகைக் கடையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் சாட்டனூகா நகரில் மளிகை வணிகம் செய்த கேட்டர் உல்ஃபோர்டு என்பவர், எந்த வாடிக்கையாளர் கடனை ஒழுங்காகத் திருப்பித் தருகிறார் என்னும் விவரங்களைத் திரட்டி, உள்ளூர் வணிகர்களுக்கு விற்றார். அதில் வருவாய் இருப்பதைக் கண்டு, தம்முடன் பிறந்த கை உல்ஃபோர்டைச் சேர்த்துக்கொண்டு, 1899இல் அட்லாண்டா நகரில் 'ரீடெயில் கிரெடிட் கம்பெனி'யைத் தொடங்கினார். அவர்கள் வெளியிட்ட கையேட்டில் பெயருக்கு எதிரே சுருக்கமான குறிப்புகள் இருந்தன: உடனே தருபவர், தாமதிப்பவர், ரொக்கம் கேட்க வேண்டியவர். ஒரு குடும்பத்தின் குணசித்திரத்தை இரண்டு சொல்லில் முடித்துவிடும் அந்தச் சிக்கனம் சிறுகதை ஆசிரியர்களும் பொறாமை கொள்ளத்தக்கது.

கடைக்காரரிடம் பற்றுவரவு நோட்டு இருப்பது புதிதன்று. எந்த ஊர்க் கடையிலும் அது உண்டு. ஆனால் அந்த நோட்டு கல்லாப் பெட்டியின் அருகிலேயே கிடக்கும். வாங்கியவரும் விற்றவரும் அதில் ஒருசேரக் கண்ணோட்டம் விடுவர், தவறு இருந்தால் அங்கேயே வாக்குவாதம் நடக்கும், திருத்தம் எழுதப்படும். உல்ஃபோர்டு சகோதரர்கள் செய்த புதுமை, நோட்டைக் கடையைவிட்டு வெளியே கொண்டுபோனதுதான். அன்றுமுதல் தம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது. காசு கொடுத்தவருக்குத் தெரியும்.

நிறுவனம் வளர்ந்தது. காப்பீட்டு நிறுவனங்களுக்காகவும், ஆள் சேர்க்கும் முதலாளிகளுக்காகவும் அதன் ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று விசாரித்தார்கள். குடிப்பழக்கம், மணவாழ்க்கை, ஒழுக்கம் என்று அண்டை வீட்டார் சொன்னதெல்லாம் கோப்பில் ஏறியது. 1960களின் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இதுபற்றி விசாரணைகள் நடந்தன. 1970இல் கடன் அறிக்கைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் பிறந்தது. கோப்பின் சாரத்தை அறியவும், பிழையை மறுத்துரைக்கவும் குடிமக்களுக்கு அது உரிமை தந்தது. தம்மைப் பற்றி எழுதவே கூடாது என்று சொல்லும் உரிமையை மட்டும் தரவில்லை. 1975இல் நிறுவனம் தன் பெயரை 'ஈக்விஃபாக்ஸ்' என்று மாற்றிக்கொண்டது.

கோப்புகள் பெருகியபோது, ஒரே பெயருடைய ஆயிரம் பேரைப் பிரித்தறிய ஓர் அடையாளம் தேவைப்பட்டது. அதற்குக் கைக்கு எட்டியது சமூகப் பாதுகாப்பு எண். முதுமைக்கால ஓய்வூதியக் கணக்குக்காக 1936இல் வழங்கத் தொடங்கிய ஒன்பது இலக்க எண் அது. அடையாளத்துக்கு உரியதன்று என்று அந்த அட்டையின் முகப்பிலேயே 1946 முதல் அச்சிட்டிருந்தார்கள். 1972இல் அந்த வாசகம் நீக்கப்பட்டது. இந்த எண்ணின் இயல்பைக் காட்டும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1938இல் நியூயார்க் மாநிலத்தில் பணப்பை செய்யும் நிறுவனம் ஒன்று, அட்டை வைக்கும் இடத்தைக் காட்டுவதற்காக ஒரு மாதிரி அட்டையைப் பைக்குள் செருகி விற்றது. அதில் அச்சாகியிருந்தது அங்கே பணிபுரிந்த பெண் ஒருவரின் உண்மையான எண். பையை வாங்கியவர்களில் பலர் அதையே தம் எண்ணாகக் கொண்டார்கள். ஆண்டுக்கணக்கில் 40,000க்கும் மேற்பட்டோர் அதைப் பயன்படுத்தியதாக அரசின் பதிவு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் கள்ளமற்றவர்கள். ஆயினும் எண்ணுக்கு உடையவர் யார் என்று எண் சொல்லாது என்பது அன்றே வெளிப்பட்டுவிட்டது. வேறு எண்ணைப் பெறவேண்டி வந்தது அந்தப் பெண்தான்.

விற்பனையின் இன்னொரு முகம் வங்கிகளில் தெரிந்தது. 1999 ஜூனில் மின்னசோட்டா மாநிலத்தின் அரசுத் தலைமை வழக்கறிஞர் மைக் ஹாட்ச், யு.எஸ். பேங்க் மீது வழக்குத் தொடுத்தார். வாடிக்கையாளர்களின் பெயர், கணக்கு எண், இருப்புத் தொகை முதலிய விவரங்களைத் தொலைபேசி வழியே பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றுக்கு 40 லட்சம் டாலருக்கும் அதன்மேல் தரகுக்கும் கொடுத்ததாக வழக்கு கூறியது. அது சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறிய கிராம்-லீச்-பிளைலி சட்டம், வங்கி, காப்பீடு, பங்கு வணிகம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் வர வழி திறந்தது. கூடவே வாடிக்கையாளருக்கு ஒரு சிறு காப்பும் தந்தது: வெளியாருக்கு விவரம் கொடுக்க வேண்டாம் என்று எழுதித் தெரிவித்தால் வங்கி நிறுத்த வேண்டும். எழுதித் தெரிவிக்காவிட்டால் கொடுக்கலாம். ஒரே குழுமத்தின் துணை நிறுவனங்களுக்குள் கைமாறுவதற்கு இந்தத் தடையும் இல்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று கல்யாணப் பேச்சில் சொல்லும் வழக்கத்தைச் சட்டமே கையாண்டதுபோல் ஆயிற்று.

எழுதித் தெரிவிக்கலாம் என்னும் செய்தியை மக்களுக்குச் சொன்ன விதம் மொழியில் பழகியவர்கள் கவனிக்கத்தக்கது. 2001 ஜூலைக்குள் ஒவ்வொரு வங்கியும் அறிவிப்பு அனுப்ப வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் கடிதங்கள் போயின. வாசிப்பெளிமையை ஆராயும் மார்க் ஹாக்ஹவுசர் அவற்றுள் 60ஐ எடுத்துப் பரிசீலித்து, கல்லூரியில் மூன்றாம் நான்காம் ஆண்டு படிப்பவருக்குரிய கடினம் அவற்றில் இருப்பதாகக் கண்டார். நீண்ட வாக்கியம், எதிர்மறைக்குள் எதிர்மறை, வழக்கில் இல்லாத சொல். விளங்காமல் எழுதுவது கவிதைக்கு மட்டுமே உரிய குற்றச்சாட்டு என்று கருதுவோர் அந்தக் கடிதங்களைப் பார்த்ததில்லை. கவிதையின் இருண்மையால் யாருடைய கணக்கும் விலைபோனதில்லை. கூட்டரசின் எட்டு அமைப்புகள் சேர்ந்து, சாதாரணர் படிக்கத்தக்க ஒரு மாதிரிப் படிவத்தை வெளியிட 2009 ஆயிற்று.

கலிபோர்னியா மாநிலம் இந்த விதியைத் திருப்பிப் போட்டது. 2003இல் அங்கே நிறைவேறிய சட்டப்படி, வெளியாருக்கு விவரம் கொடுப்பதற்கு வாடிக்கையாளர் முன்னதாக எழுத்தில் இசைவு தரவேண்டும். மௌனம் என்றால் மறுப்பு. ஜாக்கி ஸ்பியர் என்னும் மாநில மேலவை உறுப்பினர் பல ஆண்டுகள் முயன்றும் நிறைவேறாமல் இருந்த மசோதா அது. மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுசெல்லப் பல லட்சம் கையொப்பங்கள் திரண்ட பின்னரே வங்கிகளின் எதிர்ப்புத் தளர்ந்தது. அதே 2003 ஜூலையில் இன்னொரு சட்டமும் அங்கே நடைமுறைக்கு வந்திருந்தது. மாநில அரசின் கணிப்பொறி மையத்தில் ஊடுருவல் நிகழ்ந்து, ஏறத்தாழ 2,65,000 அரசு ஊழியர்களின் ஊதிய விவரங்கள் 2002இல் அயலார் கண்ணில் பட்டிருந்தன. ஆளுநரின் விவரமும் அவற்றுள் ஒன்று. விவரங்கள் களவுபோனால் உரியவர்க்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று அதன் பிறகு சட்டம் வந்தது. ஆட்சியாளர் வீட்டிலும் திருடன் புகுந்தால் சட்டம் விரைந்து பிறக்கும் போலும்.

அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் அடுத்த செய்தி வெளிவந்திருக்குமா என்பது ஐயமே. 1997இல் ஈக்விஃபாக்ஸிலிருந்து பிரிந்து 'சாய்ஸ்பாயின்ட்' என்னும் நிறுவனம் தனியே உருவாயிற்று. பழைய மளிகைக் கையேட்டின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம். காப்பீட்டாளர், முதலாளிகள், கடன் வசூலிப்போர், அரசுத்துறைகள் எனப் பலருக்கும் தனிமனிதர் விவரங்களை விற்பதே அதன் தொழில். 2005 பிப்ரவரியில் அந்நிறுவனம் கலிபோர்னியாவில் சுமார் 35,000 பேருக்குக் கடிதம் அனுப்பியது: உங்கள் விவரங்கள் தகாதவர் கைக்குப் போயிருக்கலாம். மற்ற மாநிலத்தாருக்குக் கடிதம் இல்லை. அங்கே சட்டம் இல்லை. கள்வன் மாநில எல்லை பார்த்துத் திருடவில்லையே என்று பல மாநிலங்களின் அரசுத் தலைமை வழக்கறிஞர்கள் கேட்டபின், கடிதம் பெற்றோர் தொகை 1,45,000 ஆகி, பின்னர் 1,63,000ஐக் கடந்தது.

விவரங்கள் எவ்வாறு போயின என்பதுதான் வியப்பு. எவரும் பூட்டை உடைக்கவில்லை. கணிப்பொறிக்குள் ஊடுருவவும் இல்லை. கள்வர்கள் வாடிக்கையாளராக வந்தார்கள். சிறு வணிக நிறுவனங்கள் நடத்துவதாகச் சொல்லி விண்ணப்பித்தார்கள். அலுவலக முகவரி என்று கொடுத்தது வாடகைத் தபால்பெட்டி. விண்ணப்பம் வந்தது பொது இடங்களில் உள்ள தொலைநகல் கருவிகளிலிருந்து. ஒரே விண்ணப்பத்தில் முரண்பட்ட விவரங்கள் இருந்தும் கணக்குகள் திறக்கப்பட்டன, கட்டணம் வாங்கப்பட்டது, பெயரும் எண்ணும் கடன் வரலாறும் முறைப்படி கொடுக்கப்பட்டன. குறைந்தது 800 பேர் பெயரில் மோசடி நடந்ததாகக் கூட்டரசு வணிக ஆணையம் கண்டது. 2006 ஜனவரியில் 1 கோடி டாலர் தண்டமும், பாதிக்கப்பட்டோர்க்கு 50 லட்சம் டாலர் ஈடும் விதிக்கப்பட்டன. வாங்க வருபவர் யார் என்று நேரில் சென்று சரிபார்க்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

விற்பனை வேறு, திருட்டு வேறு என்று சட்டம் பிரித்து வைத்திருந்த கோடு அங்கே அழிந்துபோயிற்று. விலை கொடுத்தவர் யாராயினும் பெறலாம் என்றால், திருடன் விலை கொடுத்துப் பெறுகிறான். பூட்டை எவ்வளவு வலுவாக்கினாலும் கடைவாசல் திறந்தே இருக்கிறது.

திருட்டுக்கு ஆளானவரின் நிலையை விளக்கத் தமிழருக்கு அயல்நாட்டு உவமை தேவையில்லை. மதுரையில் இரண்டு சிலம்புகள் புறத்தே ஒன்றுபோல் இருந்ததால் ஒருவன் உயிர் போயிற்று. ஆனாலும் கண்ணகிக்கு ஒரு வழி இருந்தது. அவள் சிலம்பை உடைத்தாள். உள்ளே மாணிக்கம் இருந்தது. அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. உண்மை உள்ளே இருந்தது, உடைத்தால் வெளியே வந்தது. பெயரும் பிறந்தநாளும் ஒன்பது இலக்க எண்ணும் களவுபோனவர் எதை உடைத்துக் காட்டுவார்? உரியவர் சொல்லும் எண்ணும் கள்வன் சொல்லும் எண்ணும் ஒன்றே. அதற்குப் பரல் இல்லை. வாங்காத கடனுக்கு வசூல்காரர் வருகிறார். வீடு கேட்டால் மறுப்பு, வேலை கேட்டால் தயக்கம். தாம் தாமே என்று நிறுவக் காவல்நிலையத்துக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. 1998இல் அடையாளத் திருட்டைக் கூட்டரசுக் குற்றமாக்கும் சட்டம் வரும்வரை, பணத்தை இழந்த வங்கிதான் பாதிக்கப்பட்ட தரப்பாகக் கருதப்பட்டது. பெயரை இழந்தவருக்குக் கணக்கில் இடமில்லை.

2017இல் தாய் நிறுவனத்தின் முறை வந்தது. ஈக்விஃபாக்ஸ் பயன்படுத்திய மென்பொருளில் ஓட்டை இருப்பதாக மார்ச் மாதத்திலேயே எச்சரிக்கையும் அடைப்பதற்கான திருத்தமும் வெளிவந்தன. அது அடைபடவில்லை. மே முதல் ஜூலை இறுதிவரை ஊடுருவியோர் உள்ளே இருந்தார்கள். செப்டம்பர் 7 அன்று நிறுவனம் உலகுக்கு அறிவித்தது, ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயிருந்தன. அவர்கள் நுழைந்த வாசல் எது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. தம் கோப்பில் பிழை உள்ளது என்று மக்கள் முறையிடுவதற்காக அமைத்த இணையவாசல் அது. 1970இன் உரிமையைப் பயன்படுத்த மக்கள் தட்டிய கதவு. சீன இராணுவத்தைச் சேர்ந்த நால்வர் மீது 2020இல் அமெரிக்க அரசு குற்றஞ்சாட்டியது. 2019இல் 70 கோடி டாலர் வரையிலான உடன்பாடு ஏற்பட்டது. ஆளுக்கு 125 டாலர் பெறலாம் என்று கேட்டு மக்கள் திரண்டபோது, அதற்கென ஒதுக்கியது மொத்தமே 3 கோடியே 10 லட்சம் டாலர் என்று தெரிந்தது. பயனுள்ள மாற்றம் ஒன்று வேறு வழியில் வந்தது: 2018 செப்டம்பர் முதல், தம் கடன் கோப்பை எவரும் திறக்காதபடி கட்டணமின்றி முடக்கிவைக்கும் உரிமை அமெரிக்கர் அனைவருக்கும் கிடைத்தது. நோட்டின் மீது கைவைத்து மூடும் உரிமை வர 119 ஆண்டுகள் ஆயின. விற்பனையைக் கட்டும் முயற்சியோ பின்வாங்கியது. தரகர்களைக் கடன் அறிக்கைச் சட்டத்துக்குள் கொண்டுவர நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 டிசம்பரில் முன்மொழிந்த விதி, 2025 மே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது.

அட்லாண்டாவின் அந்த ஏடு இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. ஈக்விஃபாக்ஸின் இந்தியக் கிளை 2010இல் ரிசர்வ் வங்கியின் பதிவைப் பெற்றது. கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை உரியவருக்குக் கட்டணமின்றித் தரவேண்டும் என்னும் ஏற்பாடு 2017 ஜனவரியில் தொடங்கியது. கடன் விண்ணப்பிக்கும்வரை அதைக் கேட்டுப் பார்ப்போர் அரியர். 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவின் அடிப்படையில் விவரம் பெறுவோர், அந்த இசைவு தெளிவான செயலால் தெரிவிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது, மௌனம் போதாது. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பையும் அது தருகிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகள், இக்கடமைகளுக்கு நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் அளித்தன.

ஆகவே வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தமிழில் அறிவிப்பு எழுதியாக வேண்டும். இப்போதைய படிவங்களில் ஓரிடத்தில் 'சம்மதம்' என்றிருக்கிறது, ஓரிடத்தில் 'ஒப்புதல்', இன்னோரிடத்தில் ஆங்கிலச் சொல்லே தமிழெழுத்தில். ஒப்புதல் என்பது தவறை ஒப்புக்கொள்வதற்கும் வழங்கும் சொல். இசைவு என்பதில் இருவர் குரல் பொருந்தும் ஓசை இருக்கிறது. மறுத்தால் பொருந்தாது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. எந்தச் சொல்லுக்கு எதிரே கட்டம் வரைந்து குறியிடச் சொல்லப் போகிறார்கள், அதன் மேலே உள்ள வாக்கியத்தை எத்தனை பேர் ஒரே வாசிப்பில் புரிந்துகொள்ளும்படி எழுதப் போகிறார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை. அந்த வாக்கியத்தை எழுதும் வேலை, தமிழ் எழுதத் தெரிந்த எவரிடமும் இதுவரை கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.