காலை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் ஆடிச்சுற்றும் தொடங்கிவிடும். ஒற்றைக்காலில் தவம் நிற்கும் கோமதி அம்மனின் கால்வலியில் நாமும் பங்கு ஏற்கிறோம் என்று கோயிலை 101 சுற்றும் அதற்கு மேலும் சுற்றுகிறவர்கள் உண்டு. நடக்கிறவர்களில் சிலருக்குக் கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கும். உட்கார்ந்தால் சில நிமிடத்தில் விட்டுவிடும். எழுந்து அதே தூரம் நடந்தால் மறுபடியும் பிடிக்கும். வாயு என்றும் வயது என்றும் சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்வார்கள்.

நடந்தால் வந்து, நின்றால் போகும் இந்த வலியை அலட்சியம் செய்யாதீர்கள். காலுக்கு இரத்தம் போதவில்லை என்பதற்கு இது அறிகுறியாக இருக்கலாம். உப்புத்தண்ணீர் ஓடும் குழாயில் படிவம் ஏறுவதுபோல, இரத்தக்குழாயின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகிவிடுகிறது. புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவையே முக்கியக் காரணங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நரம்பு மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு இந்த வலிகூடத் தெரியாது. விரலில் ஆறாத புண்ணோ கறுப்போ வந்த பிறகுதான் மருத்துவரிடம் போவார். காலை எடுக்க வேண்டும் என்ற பேச்சு அங்கே எழும்.

1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 82 வயது மூதாட்டி ஒருவர் காலை எடுக்கச் சம்மதிக்க மறுத்தார். சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர் அவருடைய தொடைக் குழாய்க்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன்மேல் சிறு குழாய்களை ஏற்றி அடைப்பை விரித்தார். காலில் இருந்த புண் ஆறியது. அவர் தம் கால்களாலேயே நடந்து வாழ்ந்தார். 1974இல் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் அடைப்பை விரிக்கும் பலூனைக் கொண்டுவந்தார். இதயத்துக்கு அந்தப் பலூன் போனது 1977இல்தான். கால்தான் அதற்கு முன்னோடி.

இன்று பெரும்பாலும் இடுப்பு மடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துளை வழியே கம்பியைச் செலுத்துகிறார்கள். அடைப்பில் பலூனை விரிக்கிறார்கள். தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைக்கிறார்கள். பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். எல்லா அடைப்புக்கும் இது பொருந்தாது. நீண்ட அடைப்புக்குச் சில சமயம் பைபாஸ் தேவைப்படும். திறந்த வழி மீண்டும் குறுகவும் கூடும். அதனால் மாத்திரையை விடக் கூடாது. புகையை விட்டே ஆக வேண்டும். பீடி, சிகரெட்டால் இளம் வயதிலேயே சிறு குழாய்கள் அடைபடும் பர்கர் நோய்க்குப் புகையிலையை அடியோடு விடுவதுதான் முதல் மருந்து.

அடைப்பைக் கண்டறிய முதல் சோதனை எளியது. கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவார்கள். விகிதம் 0.9க்குக் கீழே போனால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். அடுத்தது டாப்ளர் ஸ்கேன். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தாக வேண்டும்.

மற்றபடி, காலை எடுக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: “ஐயா, இந்தக் காலுக்கு இரத்தம் போகிறதா என்று பார்த்தீர்களா? அடைப்பை எடுக்க வழி இருக்கிறதா?” இதைக் கேட்பது உங்கள் உரிமை. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.