சட்டம் பயில விரும்பும் நம் பிள்ளைகளுக்கு
(ஜூபிலி விழா இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சட்டப் படிப்பு வசதி படைத்தவர்களுக்கே உரியது என்று அஞ்சி ஒதுங்காதீர்கள். தமிழக அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்பிற்குப் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலேயே சேர்க்கை. நுழைவுத் தேர்வு இல்லை. திருச்சியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திற்கோ கிளாட் தேர்வு எழுத வேண்டும். பார் கவுன்சில் பதிவுக் கட்டணம் ரூ. 750க்கு மேல் வாங்கலாகாது என 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால், கறுப்பு அங்கி அணிந்த மறுநாளே வருமானம் வந்துவிடாது. சீனியரிடம் ஜூனியராக உழைக்கும் தொடக்க ஆண்டுகளில் கைச்செலவுக்கே திண்டாட்டம். உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதவும் மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டுமென 2025இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆகவே பெற்றோரே, கல்லூரிக் கட்டணத்தோடு அந்த மூன்றாண்டுச் சாப்பாட்டுச் செலவுக்கும் இப்போதே சேமியுங்கள். பிள்ளைகள் பாதியில் அங்கியைக் கழற்றிவிடக் கூடாது. நம் ஏழைகள் அவர்களைத் தேடி நீதிமன்ற வாசலில் நிற்கிறார்கள்.