வெற்றிலைத் தட்டமும் வாய்ப்புற்றுநோயும்



தமிழர் இல்லங்களில் நல்ல காரியம் எதுவும் வெற்றிலை இன்றித் தொடங்குவதில்லை. கலியாணப் பேச்சு நிறைவுற்றால் தாம்பூலம் மாற்றுகின்றோம். உற்றாரை அழைக்கச் செல்லும்போது தட்டத்தில் வெற்றிலையும் பாக்கும் எடுத்துச் செல்கின்றோம். விசயதசமியன்று ஏடு தொடக்கும் குழந்தை தன் ஆசிரியருக்கு முதன்முதல் அளிக்கும் காணிக்கையும் வெற்றிலை பாக்கே. பாடசாலையொன்றின் அதிபராகிய நான், மாணவர் கையிலிருந்து எத்தனை முறை வெற்றிலை பெற்றிருப்பேன் என்று கணக்கிட்டுச் சொல்ல இயலாது. இத்துணை மதிப்போடு நாம் போற்றும் ஒரு பொருளைக் குறித்து இன்று சில கசப்பான உண்மைகளைக் கூற வேண்டியவனாக இருக்கின்றேன்.

நான் வைத்தியன் அல்லன்; விஞ்ஞானம் கற்றவனும் அல்லன்; கலைப் பட்டதாரி. ஆயினும் இந்தப் பொருள் வைத்தியசாலைச் சுவர்களுக்குள் அடங்கிவிடக்கூடியதன்று. நமது இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று பல ஆண்டுகளாக முன்னணியில் நிற்கின்றது. உலகம் முழுவதையும் நோக்கினால், 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 இலட்சத்து 89 ஆயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. அவர்களுள் ஏறத்தாழ 1 இலட்சத்து 20 ஆயிரம் பேருக்கு, அதாவது பத்துப் பேரில் மூவருக்கு, நோய் வந்ததற்குப் பாக்கும் புகைக்காத புகையிலையுமே காரணம் என்று 2024இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. தம் கையாலேயே வாயில் இட்ட பொருளால் வந்த நோய் இது. ஆகையால் இதனைத் தடுக்கும் ஆற்றலும் பெரும்பாலும் நம் கையிலேயே உள்ளது.

முதலில், புற்று என்பது யாது? நமது உடல் கோடானுகோடி கலங்களால் ஆனது. வாயின் உட்புறத்தே கன்னத்திலும் நாவின் கீழும் மூடியிருக்கும் மெல்லிய தோலில், பழைய கலங்கள் உதிர்ந்துகொண்டே இருக்க, அடியிலிருந்து புதியன எழுந்துகொண்டே இருக்கின்றன. சில வாரங்களுக்குள் அத்தோல் முற்றாகப் புதுப்பிக்கப்படுகின்றது. எப்போது பிரிவது, எப்போது நிற்பது, எப்போது மடிவது என்னும் கட்டளைகள் யாவும் ஒவ்வொரு கலத்தின் கருவிலும் உள்ள டி.என்.ஏ. என்னும் நெடிய இழையில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்தில் பிழை நேர்ந்து, கட்டளைக்குக் கீழ்ப்படியாது பெருகும் கலங்களின் கூட்டமே புற்று.

இப்பிழை எங்கிருந்து வருகின்றது என்னும் வினாவுக்கு 1976ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான பிஷப், வார்மஸ் என்போரும் அவர்தம் துணைவரும் வியத்தகு விடையொன்றைக் கண்டனர். கோழிகளில் புற்றை உண்டாக்கும் ஒரு வைரசிடம் காணப்பட்ட கொடிய பரம்பரையலகு, உண்மையில் வைரசுக்குச் சொந்தமானதன்று. நலமுள்ள கலத்திலேயே ஒழுங்காகப் பணிபுரிந்துவந்த ஒன்று. வைரசு அதனைத் திருடித் திரித்துவைத்திருந்தது. இதற்காக அவ்விருவருக்கும் 1989இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டுக்குள்ளே நல்ல பிள்ளையாய் இருப்பதே கெட்டுப்போனால் பகையாகும் என்பதே இதன் கருத்து.

கலத்தைப் பெருகத் தூண்டும் அலகுகள் இருப்பதுபோலவே, பெருக்கத்தைத் தடுத்து நிறுத்தும் காவல் அலகுகளும் உள்ளன. 1979இல் கண்டறியப்பட்ட பி-53 என்னும் புரதத்தை ஆக்கும் அலகு அவற்றுள் தலையாயது. கலத்தின் எழுத்தில் பிழை கண்டால் அது கலப்பிரிவை நிறுத்தும். பிழை திருத்த முடியாததாயின் கலத்தை மடியச் செய்யும். வாய்ப்புற்று உற்ற பலரிடத்தில் இந்தக் காவலனே முதலில் வீழ்ந்துவிடுகின்றான். ஆயினும் ஒரு பிழையால் புற்று உண்டாவதில்லை. பல பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் செல்லும். இருபதில் தொடங்கிய பழக்கத்தின் விளைவு ஐம்பதில் வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

இன்னும் ஒன்று. 1953ஆம் ஆண்டில் சிலாட்டர் என்பவரும் அவர்தம் துணைவரும் வாய்ப்புற்றுக்கு ஆளான 783 நோயாளரை ஆராய்ந்தனர். கட்டி ஓரிடத்தில் இருந்தபோதிலும், அதனைச் சூழ்ந்திருந்த, பார்வைக்கு நலமாகத் தோன்றிய தோலும் மாறுதல் அடைந்திருக்கக் கண்டனர். வயலில் ஓரிடத்தில் மட்டும் களை தலைகாட்டுகின்றது. ஆனால் விதையோ வயல் முழுவதும் தூவப்பட்டுவிட்டது. ஒரு கட்டியை வெட்டி அகற்றிய பின்னும், பழக்கத்தைத் தொடர்பவர் வாயில் மற்றோரிடத்தில் மறுபடியும் புற்றுத் தோன்றுவது இதனாலேயே.

இனி, குற்றவாளி யார் என்பதை ஆராய்வோம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என நால்வர் நிற்கின்றனர். நெடுங்காலம் பழி முழுவதும் புகையிலைமீதே சுமத்தப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இல் இதனை ஆய்ந்து, புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றை விளைக்கும் என்று தீர்ப்புக் கூறியது. புகையிலை சேராத தாம்பூலத்துக்கு அன்று போதிய சான்று இருக்கவில்லை. “நான் புகையிலை போடுவதில்லை, எனக்கென்ன?” என்று நம்மவர் பலர் இன்றும் ஆறுதல் கொள்வது அந்தப் பழைய நினைவினாலேதான்.

ஆனால் தாய்வான் நாட்டிலிருந்து வந்த சான்று அந்த ஆறுதலைக் குலைத்தது. அங்கே பாக்கு மெல்லுவோர் பொதுவாகப் புகையிலை சேர்ப்பதில்லை. ஆயினும் வாய்ப்புற்று மலிந்திருந்தது. பாக்கும் புகைபிடித்தலும் மதுவும் ஆகிய மூன்றும் ஒருங்கே உடையவருக்கு, மூன்றும் இல்லாதவரைக் காட்டிலும் ஏறத்தாழ 123 மடங்கு ஆபத்து உண்டென்று 1995இல் அந்நாட்டில் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வாறான சான்றுகளை எல்லாம் சீர்தூக்கி, அம்முகவரகம் 2004இல் மறுதீர்ப்பு வழங்கியது: புகையிலை சேராத தாம்பூலமும் மனிதருக்குப் புற்றை விளைக்கும், பாக்குத் தானே புற்றை விளைக்கும் பொருள்.

பாக்கு இதனை எவ்வாறு செய்கின்றது? அதில் அரிக்கொலின் என்னும் காரப்பொருள் உள்ளது. பாக்குப் போட்டவுடன் உடல் சூடேறி உற்சாகம் பிறப்பதும், பழக்கத்தை விட முடியாமற் போவதும் இதனாலேதான். இதுவும் இதன் இனத்தைச் சேர்ந்த பொருள்களும் உமிழ்நீரில் மாற்றமடைந்து, நைத்திரோசமைன்கள் என்னும் நச்சுப் பொருள்களாகின்றன. சுண்ணாம்பு வாயின் மென்தோலை அரிப்பதோடு, பாக்கிலுள்ள பொருள்களிலிருந்து டி.என்.ஏ.யைத் தாக்கும் ஒட்சிசன் மூலிகங்கள் பிறக்கவும் துணைசெய்கின்றது. பாக்கின் தும்போ கன்னத்தை ஓயாமல் உராய்ந்து புண்படுத்துகின்றது. நால்வருள் பச்சை வெற்றிலை ஒன்றே இவ்வழக்கில் பழி குறைந்தது.

இதன் இன்னொரு விளைவு, கன்னத்தின் உட்புறத் தோலின் கீழே நார் படிந்து இறுகிப்போதல். கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இதனைக் கண்டு 1952இல் சுவாட்ஸ் என்பவர் எழுதினார். வாய் வரவரக் குறுகும். மிளகாய் பட்டால் எரியும். பின்னர் இரு விரலும் நுழையாத அளவுக்கு வாய் இறுகிவிடும். அவ்வாறு இறுகிய வாயில் புற்றுத் தோன்றும் வாய்ப்பு மிக அதிகம்.

நேயர்களே, இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என்னை வளர்த்தவர்களுள் ஒருவர் என் பெரியம்மா. பற்கள் விழுந்த பின்னும் அவரால் தாம்பூலத்தை விட முடியவில்லை. மாலையில் திண்ணையில் அமர்ந்து, “தம்பி, பாக்கை ஒருக்கா இடிச்சுத் தா, அப்பன்” என்பார். சிறுவனாகிய நான் சிறிய உரலில் பாக்கை இடித்து, அவர் உள்ளங்கையில் வைப்பேன். அவர் என் தலையைத் தடவுவார். அதைவிடப் பெரிய பரிசு அன்று எனக்கு இருந்ததில்லை. சில ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் கறிக்கு உறைப்புக் குறைக்கச் சொன்னார். பின்பு சோற்றைக் குழைத்துக் கேட்டார். கன்னத்தில் வெள்ளையாய் ஏதோ இருக்கின்றது என்றார். சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்று நாங்கள் சொன்னோம். நோவு இல்லாததால் அவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. கழுத்தில் கட்டி திரண்ட பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். வைத்தியர்கள் இயன்றவற்றை எல்லாம் செய்தார்கள், காலம் கடந்துவிட்டது. அந்த உரல் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றது. அன்பினால் செய்த பணியே அவருக்குத் தீங்காயிற்று என்பதை, ஐம்பது வயதைக் கடந்த இப்போதும் என்னால் மறக்க இயலவில்லை.

அன்று எங்களுக்குத் தெரியாதிருந்தது இதுதான்: வாய்ப்புற்று பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. வழித்தாலும் போகாத வெள்ளைத் தழும்பு, வெல்வெட்டுத் துணி போன்ற சிவந்த தழும்பு, இரு வாரமாகியும் ஆறாத புண், உறைப்புப் பட்டால் எரிச்சல், வாயைத் திறப்பதில் தடை, காரணமின்றி ஆடும் பல் - இவை அதன் தூதுவர்கள். சிவந்த தழும்பு வெள்ளையைக் காட்டிலும் ஆபத்தானது. நோவில்லை என்பது நலத்துக்கு அறிகுறியன்று. தொடக்க காலத்தில் நோவு இல்லாதிருப்பதே இந்நோயின் வஞ்சகம்.

தூதுவர்களை இனங்காண்பதற்குப் பெரிய பொறிகள் வேண்டியதில்லை. வெளிச்சமும் கண்ணும் போதும். நமது நாட்டிலேயே 1980களின் தொடக்கத்தில், ஆரம்ப சுகாதார ஊழியர்களைப் பயிற்றி, கிராமங்களில் மக்களின் வாயைப் பார்க்கச் செய்தனர். அவர்களால் ஐயத்துக்குரிய தழும்புகளைச் செவ்வனே கண்டுகொள்ள முடிந்தது. ஆயின் மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களுள் கணிசமானோர் செல்லவேயில்லை. குறை கண்டவரிடத்தில் அன்று, காட்டப்பட்டவரின் தயக்கத்தில்.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வொன்றில் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேரளவில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியாரின் வாயை, வைத்தியம் பயிலாத பட்டதாரிகள் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்று சோதித்தனர். புகையிலையோ மதுவோ பழகியிருந்தவர்களிடத்தில், சோதிக்கப்பட்ட பகுதியில் வாய்ப்புற்றால் இறந்தோர் தொகை மற்றப் பகுதியைவிட 34 வீதம் குறைந்திருந்தது என்று 2005இல் அறிவித்தனர். கண்ணால் பார்த்ததன் பயன் இது.

சிகிச்சையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். சிறிய கட்டியைச் சத்திர சிகிச்சையால் அகற்றினால் பெரும்பாலானோர் நலமடைகின்றனர். கட்டி பெருத்துக் கழுத்துக் கணுக்களுக்குப் பரவினால், தாடையும் நாவும் கூட இழக்க நேரிடலாம். கதிர்வீச்சும் மருந்துகளும் வேண்டியிருக்கும். அண்மைக் காலத்தில் புதுவழி ஒன்று திறந்துள்ளது. நமது உடலின் காவற்கலங்கள் புற்றைத் தாக்காதவாறு அதனிடம் தடுப்பு உண்டு. அத்தடுப்பை நீக்கும் வழியைக் கண்ட அலிசன், ஒன்ஜோ ஆகிய இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வகை மருந்துகள் தலை, கழுத்துப் புற்றுகளுக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டன. முற்றிய நோயாளருள் சிறுபகுதியினரிடமே கட்டி சுருங்குகின்றது. அவருட் சிலர் நெடுநாள் வாழ்கின்றனர். இது மகிழத்தக்க செய்தியே. எனினும் இலட்சக்கணக்கில் பணம் விழுங்கும் மருந்து செய்ய முடியாததை, ஆரம்பத்தில் பார்த்த ஒரு பார்வை செய்துவிடும்.

இலங்கை அரசு 2016இல் புகையிலை சேர்ந்த மெல்லும் கலவைகளைச் சட்டத்தால் தடைசெய்தது. சட்டம் கடைக்காரனைத் தடுக்கலாம். திண்ணையில் இருக்கும் உரலைத் தடுக்குமா? நீண்ட நேரம் வெயிலிலும் மழையிலும் கொழுந்து பறிக்கும் தோட்டத் தொழிலாளரும், இரவிரவாக வலை இழுக்கும் கடற்றொழிலாளரும் பசியும் களைப்பும் தெரியாதிருக்கவே வெற்றிலை போடுகின்றனர். அவர்களை ஏளனஞ் செய்வது அறியாமை. வாயைச் சோதிக்கும் வசதியை அவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டு செல்வதும், விட விரும்புவோருக்குக் கைகொடுப்பதும் நம் கடமை.

அப்படியானால் நமது தாம்பூல மரபை அழித்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் துணிபு. வெற்றிலைத் தட்டத்தின் பெருமை அதை நீட்டும் கையிலும் ஏற்கும் பணிவிலும் உள்ளது. மெல்லும் வாயில் இல்லை. என் மாணவர் தரும் வெற்றிலையை நான் இன்றும் இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றேன்; பின்னர் சுவாமி படத்தின் முன்னே வைத்துவிடுகின்றேன். மரியாதை அதனால் ஓர் அணுவும் குறைந்ததில்லை.

நேயர்களே, இன்று வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர் ஒருவர் இருந்தால், வாயை நன்றாகக் கொப்பளிக்கச் செய்து, பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நிறுத்துங்கள். கன்னத்தின் இரு புறமும், நாவின் பக்கங்களும் அடிப்புறமும், உதட்டின் உட்புறமும் பாருங்கள். ஐயமிருப்பின் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் காலம் தாழ்த்தாது அழைத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டுச் சிறுவன் பாக்கு இடித்துக்கொண்டிருந்தால், உரலை மெல்ல அவன் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். அவனது அன்புக்கு வேறு பணி கொடுங்கள்.