கயிறு பிடிக்கும் கை

குழந்தைப் புறக்கணிப்பைப் பற்றிப் பேச இந்தத் துறைமுக நகரத்தைத் தேர்ந்தெடுத்த அமைப்பாளர்களுக்கு நன்றி. இங்கே கூடியிருக்கும் ஆய்வாளர்கள், ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், செவிலியர்கள், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உப்பளத் தாய்மார் எல்லாரையும் வரவேற்கிறேன்.

இந்தக் கரையின் பழைய தொழிலிலிருந்து தொடங்குகிறேன். முத்துக் குளிப்பவன் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். மேலே வள்ளத்தில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் வேறு பக்கம் திரும்பக்கூடாது. அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள், தன் அக்கா தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வதுண்டு. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மேலே நிற்கும் ஆளை நம்பித்தான் அவர்களும் இறங்குகிறார்கள்.

ஒரு குழந்தையின் கயிறு யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் இந்த இரண்டு நாள் கருத்தரங்கில் நாம் பேசப்போகிறோம்.

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், உப்பளங்களை ஒட்டிய ஒரு பள்ளியில் நான் வேலை பார்த்தேன். நாலாம் வகுப்பில் ஒரு சிறுமி தினமும் தாமதமாக வருவாள். நானும் தினமும் அவளை வாசலில் நிற்கவைத்தேன். ஒருநாள் பள்ளி விட்ட பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் நாலு மணிக்கே உப்பு வாரக் கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறினால் பாத்தியில் கால் வைக்க முடியாது, அதனால்தான் அந்த நேரம். அவர்கள் போனதும் இந்தப் பிள்ளை எழுந்து பழைய சோற்றைப் பிசைந்து இரண்டு தம்பிகளுக்குக் கொடுத்து, சின்னவனைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடி வருவாள். சின்னவனுக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. மாதக்கணக்காக வடிகிறது என்றார்கள். தெருவுக்கே அது தெரிந்திருந்தது. "பாக்க ஆளு கெடயாது சார், தன்னால வளந்துக்கிடும்" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. அவர் கெட்டவர் இல்லை. அந்தத் திண்ணையும் அவருடையதுதான். அடுத்த ஆண்டு அந்தச் சிறுமி பள்ளிக்கு வரவில்லை. நான் வாசலில் நிற்கவைத்த காலைகளை இன்றுவரை மறக்க முடியவில்லை.

அடி பட்ட குழந்தையின் உடம்பில் தழும்பு இருக்கும், ஊர் கேட்கும். கவனிப்பாரற்ற குழந்தையிடம் அப்படிக் காட்ட எதுவும் இருக்காது. வகுப்பில் தூங்கும், மதியச் சோற்றை இருமுறை வாங்கித் தின்னும், ஆறாத சிரங்கோடு திரியும், வீட்டுக்குப் போக மனமில்லாமல் மாலையில் பள்ளி வாசலிலேயே நிற்கும். தனித்தனியாகப் பார்த்தால் இவை எதுவும் பெரிதாகத் தெரியாது. ஒரே பிள்ளையிடம் இவையெல்லாம் மாதக்கணக்கில் சேர்ந்து தெரியும்போதுதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஆய்வாளர்கள் முன் ஒரு சொல்லைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். 'புறக்கணிப்பு' என்கிறோம். வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. நாலு மணிக்கு உப்பளத்துக்குப் போகும் தாய் பிள்ளையைப் புறக்கணிக்கிறாளா? அவள் போகாவிட்டால் அன்று உலை கொதிக்காது. அதே தெருவில் சம்பளம் முழுவதையும் குடித்துத் தீர்த்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் திரும்பிப் படுக்கும் தகப்பனும் இருக்கிறான். வசதியான அடுக்ககங்களில் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு நாள் முழுதும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசாத வீடுகளும் இருக்கின்றன. இவர்கள் எல்லாரையும் ஒரே சொல்லால் சுட்டினால், கடைசியில் ஏழைத் தாய்தான் குற்றவாளி ஆவாள். நம் ஆய்வுகளிலேயே இந்தப் பிழை நடக்கிறது என்பது என் வருத்தம்.

சட்டம் ஓரளவு இந்த வேறுபாட்டை அறியும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பொறுப்பில் இருக்கும் குழந்தையை வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. பெற்றோர் தம் கையை மீறிய சூழலால் குழந்தையைக் கைவிட நேர்ந்தால், அதை வேண்டுமென்று செய்ததாகக் கருதக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் அடிப்படை. இது நம் தெருக்களுக்குத் தெரியாது. "போன் பண்ணுனா பிள்ளயப் பிடிச்சிட்டுப் போயிருவாங்க" என்ற பயத்தில்தான் பலர் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்காமல் இருக்கிறார்கள். அது கட்டணமில்லாத எண், இரவும் பகலும் இயங்குகிறது. அழைத்தால் விசாரணை வரும், குழந்தைகள் நலக் குழு பார்க்கும். மருத்துவம், பள்ளிச் சேர்க்கை, பண உதவி எல்லாம் அந்த வழியாகவே வீடு தேடி வரக்கூடும். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். இந்தப் படிவங்களை நிரப்பத் தெரிந்த ஒருவர் தெருவுக்கு ஒருவராவது இருக்க வேண்டும்.

உதவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 1956-ல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில். பசியோடு வந்த பிள்ளையின் பெற்றோரை அன்று யாரும் விசாரிக்கவில்லை; தட்டில் சோறு விழுந்தது. 2022-ல் வந்த காலை உணவுத் திட்டம், உப்பளத்துக்கும் மீன் ஏலக்கூடத்துக்கும் முன்னதாகவே கிளம்பிவிடும் தாயின் கவலையை ஓரளவு குறைத்தது. ஆனால் நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே இருக்கும் இருட்டுக்கு எந்தத் திட்டமும் இல்லை. அப்போது அங்கன்வாடி பூட்டியிருக்கும்.

அந்த நேரத்துக்கும் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. உப்பளமும் தொழிற்சாலைதான் என்று உச்சநீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று, 1976 திருத்தத்துக்குப் பின், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால் அந்தச் சிறுமியின் தம்பிக்கு ஒரு தொட்டிலும், காதைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆயாவும் கிடைத்திருக்க வேண்டும். அப்படிச் சேர்த்துப் படிக்க ஆளில்லாமல் போனது. விடியற்காலையில் திறக்கும் காப்பகம் ஒன்றை எங்கே, யார் செலவில், யார் பொறுப்பில் நடத்துவது என்பதற்கு இந்தக் கருத்தரங்கு ஒரு வரைவையாவது தந்தால் நான் நிறைவடைவேன்.

நிகழ்ச்சி நிரலில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். கட்டுரைகள் பதினோரு மணிக்குத் தொடங்கும். அதற்கு முன் முன்வரிசையில் இருக்கும் தாய்மார் மூவர் பேசுவார்கள். நாளை மறுபடி நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டியவர்கள் என்பதால் அவர்களைச் சீக்கிரம் அனுப்பிவைக்க வேண்டும். இன்று அவர்கள் இழந்த கூலியை அமைப்பாளர்கள் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் பின்னாலிருக்கும் அறையில், நம் மாணவிகளின் பொறுப்பில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா, மேடைக்கு வாருங்கள்.