ரசம் என்றொரு சொல்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார், "அந்த ரசமட்டத்தை எடுப்பா" என்பார். கூடத்தில் மாட்டிய பழைய கண்ணாடியைப் பார்த்து, "ரசம் போயிடுச்சு, மாத்தணும்" என்பார் வீட்டுப் பெரியவர். அடுப்படியில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருக்கும். மாலையில் சபாவில் ரசிகர்கள் கூடுவார்கள். ஒரே சொல் காலையிலிருந்து இரவுவரை இத்தனை இடங்களில் வேலை செய்வது நேயர்கள் பலர் காதில் விழுந்திருக்கும்.

ரசம் வடமொழியிலிருந்து வந்த சொல். சாறு, திரவம், சத்து என்பவை அதன் மிகப் பழைய பொருள்கள். பிழிந்தால் வருவது எதுவோ அது ரசம். உண்ட உணவு செரித்து உடலில் முதலில் ஆவது ரசம் என்று ஆயுர்வேதம் சொல்கிறது; ஏழு தாதுக்களில் முதலாவது அது. இனிப்பு, புளிப்பு முதலிய அறுசுவைக்கும் அங்கே அதே பெயர்தான். நீர்போல ஓடும் உலோகமும் ரசம், அதாவது பாதரசம். அதை வைத்துப் பொன் செய்யப் புறப்பட்ட வித்தை ரசவாதம். கண்ணாடியின் முதுகில் ஒரு காலத்தில் வெள்ளீயத்தோடு பாதரசம் சேர்த்துப் பூசினார்கள். பிறகு வெள்ளிப் பூச்சு வந்தும் பேச்சில் ரசம் அப்படியே நின்றுவிட்டது.

அதிரசம், பழரசம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். சரசமும் விரசமும்கூட. ரசத்தோடு கூடியது சரசம்; ரசம் கெட்டது விரசம். எல்லாம் ஒரே சுவையாக இருக்கும் நிலை சமரசம். 1865-ல் வள்ளலார் தொடங்கிய சங்கத்தின் பெயரில் முதலில் நின்ற சொல் அது. இன்றைக்குச் சமரசம் என்றால் விட்டுக்கொடுத்தல் என்று சுருங்கிவிட்டது பெரிய இழப்பு.

தமிழில் இதற்கு ஈடான சொல் சாறு. வைணவ வீடுகளில் ரசத்துக்குச் சாத்தமுது என்று பெயர்; சாற்றமுதுதான் அப்படி ஆயிற்று. கன்னடத்தில் அது சாறு, தெலுங்கில் சாரு. சங்கப் பாடல்களில் சாறு என்பதற்கு விழா என்றும் பொருள் உண்டு.

ஈயச்சொம்பில் ரசம் வைப்பவரை அருகில் நின்று பார்க்க வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் சொம்பே போய்விடும். அதனால் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பு. புளியின் பச்சை வாசனை போகும்வரை கொதிக்க வேண்டும். பருப்புத் தண்ணீர் விட்டு விளாவியபின் கொதிக்கவே கூடாது. நுரை கூடி மேலே வந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். பிறகு நெய்யில் கடுகும் சீரகமும் தாளித்துக் கொட்டி, கொத்தமல்லியைக் கிள்ளிப் போடுவார்கள். புளியைத் தனியாக நக்கினால் ரசமில்லை, மிளகைத் தனியாகக் கடித்தாலும் இல்லை.

பரதரின் நாட்டிய சாஸ்திரம் ஆறாம் அத்தியாயத்தில் இதையேதான் பேசுகிறது. ரசம் என்றால் என்ன என்று கேட்டுவிட்டு, சுவைக்கப்படுவதால் அது ரசம் என்கிறது. பல பொருள்கள் கலந்து உணவில் சுவை பிறக்கிறதே, அப்படித்தான் பல பாவங்கள் கூடி மேடையில் ரசம் பிறக்கிறது என்பது அதன் விளக்கம். அடுத்து வருவதுதான் மிகவும் முக்கியம்: நல்ல மனத்தோடு உண்பவர் உணவைச் சுவைப்பதுபோல, நல்ல மனத்தோடு பார்ப்பவர் நாடகத்தைச் சுவைக்கிறார். சமைத்தவரோடு உண்பவரையும், ஆடுபவரோடு பார்ப்பவரையும் சேர்த்தே அந்த நூல் கணக்கில் வைத்திருக்கிறது. பரதர் சொன்ன ரசங்கள் எட்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் நகை, அழுகை என்று எட்டைத்தான் சொல்கிறது. சாந்தம் பிற்பாடு சேர்ந்து நவரசம் ஆயிற்று. கேரளத்துக் கூடியாட்டத்தில் இந்த ஒன்பதையும் முகத்திலும் கண்ணிலும் கொண்டுவர மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் பழகுகிறார்கள்.

பார்ப்பவருக்கும் பழக்கம் வேண்டும். ரசிகர் என்ற சொல்லின் கனம் அங்கேதான் இருக்கிறது. ரசிகர் மன்றம் என்றாலே கட்அவுட்டும் பாலாபிஷேகமும் நினைவுக்கு வரும் காலத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கச்சேரியில் நிரவல் நடக்கும்போது பாருங்கள்: தொடையில் தாளம் போட்டபடி, பாடகர் அடுத்து எங்கே போகப்போகிறார் என்று மனத்துக்குள் கூடவே போய்க்கொண்டிருப்பார் ஒருவர். சரியான இடத்தில் அவர் வாயிலிருந்து வரும் ஒரு "பலே" பாடகரை மேலும் இரண்டு சுற்றுப் பாட வைக்கும். அந்தக் கச்சேரியில் அவருக்கும் பங்கு உண்டு.

ரசிப்பதையே வாழ்க்கைப் பணியாக எடுத்துக்கொண்டவர் டி. கே. சிதம்பரநாத முதலியார். 1882-ல் பிறந்தவர், படித்தது சட்டம். திருநெல்வேலியில் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடி, வட்டத்தொட்டி என்றே பெயர் பெற்ற சபையில் கம்பன் பாட்டுகளை வாய்விட்டுப் பாடிப் பாடி அனுபவித்தார்கள். பாட்டைக் கண்ணால் படிப்பதோடு அவர் விடவில்லை. ஓசையோடு நிறுத்தி நிறுத்திச் சொல்லி, ஒரு சொல் எந்த இடத்தில் விழுகிறது என்று காதுக்குக் காட்டினார். 1954-ல் அவர் மறைந்தார். கவிஞருக்கும் பாடகருக்கும் பட்டம் தந்து பழகிய தமிழகம், பாட்டைக் கேட்டுச் சுவைத்த அந்த மனிதருக்குக் கொடுத்த பெயர் ரசிகமணி.